கம்பிவலைக் கணக்கு

நியூலின் துறைமுகத்தில் மீன் ஏலம் முடியும் நேரம்
ஒன்பது வயது டாம்சின் வாசலில் நிற்பாள்,
கையில் பிஸ்கட் டப்பா.
மூடியில் துளை அவளே போட்டது,
அப்பாவின் மீன் அரியும் கத்தியால்.
அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினாள்.
சுற்றி ஒட்டிய தாளில் பனிச்சிறுத்தை.
வாலுக்கு இடம் போதாமல்
அது பின்பக்கம் போய் விலைச்சீட்டின் மேல் ஏறியிருந்தது.
"யார் வீட்டுப் பசுமாடு இது?" என்று கேட்டவர்களிடம்
கூடுதலாக ஐந்து பென்ஸ் வசூலித்தாள்.

செதில் ஒட்டிய காசுகள்.
இரவில் கழுவித் துவாலையில் பரப்பிக் காயவைப்பாள்.
அறை முழுக்கக் கானாங்கெளுத்தி வாடை.

ஒரு சனிக்கிழமை
பேசாமல் இருப்பதற்கும் காசு கேட்டாள்.
மணிக்கு இருபது பென்ஸ்.
தெருவே கையெழுத்துப் போட்டது.
அம்மா இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லி
ஞாயிறையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுப்பார்த்தாள்.
அன்று மாலை
படகுக்காரர் பென்ரோஸின் நாய் இறந்த சேதி வந்தது.
வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.
அழுகைச் சத்தம் கணக்கில் வருமா என்று
மறுநாள்தான் கேட்டாள்.

நான்கு வருடம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு, நாற்பது பென்ஸ்,
ஒரு சட்டைப் பொத்தான்.
பொத்தானையும் சேர்த்தே அனுப்பினாள்.
பதிலுக்கு ஒரு சிறுத்தையின் படம் வந்தது.
"உன்னுடையது" என்று எழுதியிருந்தார்கள்.
ஊர்க்கடலின் மத்தி மீன் பெயரை அதற்கு வைத்தாள்:
பில்சர்ட்.
அதே படம் பள்ளியில் இன்னொருத்தியிடமும் இருந்தது.
அவளோடு ஒரு பருவம் முழுக்கப் பேசவில்லை,
இந்த முறை இலவசமாக.

*

இருபத்திரண்டு வயதில் நாரின் மலைகளுக்கு வந்து சேர்ந்தபோது
முதுகுப்பை பதினாறு கிலோ.
கிர்கிஸ் மொழியில் தெரிந்தது ஏழு சொல்.
அதில் ஒன்று, இல்பிர்ஸ்.

அந்தச் சொல்லைக் கேட்டதும்
குதிரையைக் கறந்துகொண்டிருந்த சாய்கல் எழுந்தாள்.
பட்டிக்கு அழைத்துப்போய் விரல்களை விரித்தாள்:
பத்து. பிறகு ஏழு.
கழுத்தில் கைவைத்துக் காட்டினாள்.
ஒரே இரவில் பதினேழு ஆடு.
"ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை"
என்றான் மகன் எர்மெக், பள்ளி ஆங்கிலத்தில்,
அதுதான் பெரிய குற்றம் என்பதுபோல.
"மறுநாள் அப்பா துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார்."

அப்புறம்?

அப்புறம் லாரியில் கம்பிவலை வந்தது.
பட்டிக்குக் கூரை.
யாரோ கொடுத்தார்கள், எங்கிருந்தோ.
துப்பாக்கி தொங்கிய ஆணியில்
இப்போது கடிவாளம் தொங்குகிறது.

டாம்சின் அண்ணாந்து பார்த்தாள்.
துருவேறிய கண்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பவுண்டுக்கு எத்தனை முழம் வரும்?
இந்த மூலைவரையா, அந்தத் தூண்வரையா?
வாய் திறக்காத ஒரு சனிக்கிழமைக்கு எத்தனை கண்?
இது அந்தப் பணமே இல்லாமலும் இருக்கலாம்.
ஏழு சொல்லில் 'நான்' இல்லை.
எர்மெக்கிடம் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பான்.
சொல்லவில்லை.

கிழக்கு மூலையில் பனி அழுத்தி வலை விட்டுப்போயிருந்தது.
சாய்கல் குறடை நீட்டினாள்.
இருவரும் கம்பி முறுக்கினார்கள்.
டாம்சினின் விரல் கிழிந்தது.
சாய்கல் பார்த்தாள்,
அடுத்த கம்பியைக் கொடுத்தாள்.

இரவு நாய்கள் குரைத்தன.
எல்லோரும் எழுந்து வெளியே போனார்கள்.
விளக்கொளியில் ஆடுகளின் கண்கள், பச்சைப் பச்சையாக.
அதற்கப்பால் சரிவில் ஒன்றுமில்லை,
அல்லது ஒன்று இருந்து, அசையவில்லை.
எர்மெக் கொட்டாவி விட்டான்.
"பில்சர்ட்" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள்.
ஓர் ஆடு தும்மியது.

காலையில் தங்கியதற்குப் பணம்.
சாய்கல் இரண்டு முறை எண்ணி
சில்லறையை மட்டும் ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டாள்.
எதற்காம்?
எர்மெக்கின் முன்பல்லுக்கு. குதிரை உதைத்தது.
அவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

டாம்சின் பையைத் துழாவினாள்.
கைப்பிடி சோம் காசு,
தவறி உடன்வந்த ஒரு பென்னி.
போட்டாள்.
விழுந்த ஓசையை வைத்தே
பாதிகூட நிறையவில்லை என்று
அவளுக்குத் தெரிந்துவிட்டது.